கல்யாணப் பந்தலில் துக்கம் கேட்கப் போனோம்

வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக, தலையைக் குனிந்தபடி, கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் அவர்களுடைய வகுப்பாசிரியர் மிஸ்டர் டான், கையில் வெள்ளைப் பூங்கொத்துடன்.

ஜூரோங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் அது. தூண்களுக்கு நடுவே ஊதா நிறத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரியிலிருந்து பெரிய அண்டாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கே ஓர் இறுதிச் சடங்கு..." என்று மிஸ்டர் டான் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு என் மகளுக்குக் கல்யாணம்," என்றார் அந்த அம்மா. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஆளுக்கொரு கோப்பை பண்டோங் ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். ரோஸ் நிறப் பாலைக் குடித்துக்கொண்டு, துக்க முகத்தோடு, யாரும் யாரையும் பார்க்காமல் நின்றோம்.

இது நடந்து சில வருடங்கள் இருக்கும். எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான், அது மட்டும் நிச்சயம். அந்தப் பண்டோங்கின் தித்திப்பு இன்னும் நாக்கிலேயே இருக்கிறது.

எல்லா இந்தியச் சாவும் என்னிடம்தான் வரும்

நான் தமிழாசிரியை என்பதை இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் தமிழாசிரியைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது எந்த உத்தரவிலும் இருக்காது. இந்திய முகம் கொண்ட ஒரு பிள்ளையின் வீட்டில் யாராவது இறந்துவிட்டால், ஆசிரியர் அறையில் எல்லாத் தலைகளும் என் மேசைப் பக்கம் திரும்பும்.

ஒரு முறை ஒரு பஞ்சாபிப் பையனின் தாத்தா இறந்தபோதும் என்னிடம்தான் வந்து கேட்டார்கள், என்ன நிறத்தில் உடுத்திக்கொண்டு போவது என்று. எனக்கென்ன தெரியும்? நான் ஒரு பஞ்சாபி நண்பருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

தர்ஷினியின் அப்பா இறந்தபோதும் அப்படித்தான் என் மேசைக்கு வந்தார் மிஸ்டர் டான். தர்ஷினி அப்போது உயர்நிலை மூன்று. தமிழ் வகுப்பில் கடைசி வரிசை, நிறையப் பேசுவாள், பேச்சைக் குறைக்கச் சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். அவளுடைய அப்பா கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்க மாட்டார்.

"வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு சிசிஏ பயிற்சியும் முடிந்ததும் வகுப்பே சேர்ந்து போகலாம் என்று இருக்கிறோம். நீங்களும் வந்தால் நல்லது. உங்களுக்கு அவர்கள் முறையெல்லாம் தெரியும்," என்றார்.

வெள்ளிக்கிழமையா? எனக்கு நெருடியது. நம்மவர்கள் வெள்ளிக்கிழமை துக்கம் கேட்கப் போக மாட்டார்களே. அதைச் சொல்லவும் செய்தேன். வேறு எந்த நாளிலும் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது என்றார். சரி, வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் நினைத்துக்கொண்டது வேறு. கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, உடலைக் கிடத்தி, நாலைந்து நாள் விழித்திருப்பார்கள், நாம் கடைசி நாளுக்குப் போனால் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். சீனர் வீட்டுத் துக்கம் அப்படித்தான் நடக்கும். பிள்ளைகளில் பெரும்பாலோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நான் வீட்டு வாசலை நினைத்தேன், அவர்கள் பந்தலை நினைத்தார்கள், இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

நமக்கு ஏன் இத்தனை அவசரம்

இந்த இடத்தில் கொஞ்சம் பக்கத்தில் போய்வருகிறேன்.

நம்மவர்களைப் போல் இறந்தவரை அனுப்பிவைப்பதில் அவசரம் காட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. என் சித்தப்பா காலமானபோது நான் பள்ளியில் இருந்தேன். செய்தி வந்ததும் இரண்டு வகுப்பை முடித்துவிட்டுக் கிளம்பினேன். ஜாலான் புசாரில் அவர் வீட்டுக்குப் போனால் வாசலைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி போய்விட்டது. டாக்சி பிடித்து மண்டாய் தகனச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு அவருடைய பாதம் மட்டும்தான் தெரிந்தது.

ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகச் சீக்கிரம்?

எனக்கும் அந்த ரத்தம்தான். உட்கார வராது. பரீட்சை மேற்பார்வைக்குப் போனால்கூடப் பிள்ளைகள் எழுதி முடிப்பதற்குள் நான் பல மைல் நடந்திருப்பேன். என் கணவர் என்னை வீட்டில் சீலிங் ஃபேன் என்றுதான் கூப்பிடுவார்.

தர்ஷினியின் அப்பா திங்கட்கிழமை விடியற்காலையில் இறந்தார். அன்று சாயங்காலமே தகனம் ஆகிவிட்டது. மறுநாள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நாங்கள் பூங்கொத்தோடு போகும்போது, அந்தக் கீழ்த்தளத்தை இன்னொரு குடும்பம் தன் மகளின் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தது.

வாசலில் கேட்டது

பிள்ளைகளைக் கீழேயே நிற்கவைத்துவிட்டு நான் மட்டும் மேலே போனேன்.

கதவைத் திறந்தவர் தர்ஷினியின் அத்தை, இறந்தவருடைய தங்கை. ராஜேஸ்வரி என்று பெயர். தூங்காத கண். கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. எங்க அண்ணி ரூமை விட்டே வரல. வேற நாளு வாங்களேன்."

"தெரியும்மா. பிள்ளைங்க கீழ வந்திருக்காங்க. தர்ஷினியை ஒரு நிமிஷம்..."

உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆளைப் பார்க்க முடியவில்லை.

"இப்ப எதுக்கு வந்தாங்க? எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லுங்க அத்தை. திங்கக்கிழமை காலையிலயே குரூப்ல மெசேஜ் போட்டேன். எல்லாரும் அழற ஸ்டிக்கர் அனுப்புனாங்க. ஒருத்தர்கூட வரல. எங்கப்பாவைப் பார்க்க என் கிளாஸ்லேர்ந்து ஒருத்தர்கூட வரல! இனிமே நான் அந்த ஸ்கூலுக்கு வரல. சொல்லிடுங்க."

அத்தை என்னைப் பார்த்தார். "இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கு டீச்சர். படிப்பு வேணாம், எங்கயாவது வேலைக்குப் போறேங்குது. எங்க அண்ணன் இது படிக்கணும்னுதான் நாயா உழைச்சாரு."

தர்ஷினி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அவர்கள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஹுய் மின் உட்கார்ந்தாள்

கீழே வந்து விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், நான் தமிழில் எழுதுகிறேன், அவர்கள் வாக்கியத்தின் வாலில் ஒட்டும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டு.

"ஒரே நாளா?" என்றாள் ஹுய் மின். தர்ஷினியின் பக்கத்து இருக்கைக்காரி. "டீச்சர், ஒரு நாள் எப்படிப் போதும்? எங்க தாத்தாவுக்கு அஞ்சு நாள் உட்கார்ந்தோம். அதுவே பத்தல லா."

"நம்ம மேலதான் தப்பு," என்றான் ஒரு பையன்.

மிஸ்டர் டானுக்கு முகம் வெளுத்துவிட்டது. பூங்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அதைப் பார்த்ததும் போய்விட்டது.

பந்தலுக்கு வெளியே, புளோக்கின் ஓரத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட ஒரு கல்மேசையும் அதைச் சுற்றி ஆசனங்களும் இருந்தன. ஹுய் மின் போய் அதில் உட்கார்ந்தாள்.

"அப்ப மிச்ச நாளு நாம உட்காரலாம்," என்றாள்.

யாருக்காக, எதற்காக என்றெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நூருல் என்ற பெண் கணக்குப் பாடத்தை எடுத்துவைத்துக்கொண்டாள். நான் நின்றேன். எப்போதும் போல நின்றேன், நடந்தேன், மேலே பார்த்தேன், மறுபடி நடந்தேன்.

பள்ளி ஆலோசகர் திருமதி ஓங்கைப் போனில் பிடித்தேன். நல்ல மனுஷி. எத்தனையோ பிள்ளைகளைக் கரை சேர்த்தவர். "அவசரப்பட வேண்டாம். அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். மரணத்தைப் பற்றி அவளாகப் பேசும்வரை யாரும் கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்," என்றார். பிள்ளைகள் அங்கே உட்காருவதைப் பற்றிக் கேட்டேன். "இதற்கு எங்களிடம் வழிகாட்டி எதுவும் இல்லை," என்றார்.

பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமையும் வந்தார்கள். அன்று கல்யாணம். கொம்பாங் மேளம் காதைப் பிளக்கிறது, மாப்பிள்ளை வருகிறார், இவர்கள் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்ணின் அம்மா இவர்களுக்கும் பிரியாணி கொடுத்தனுப்பினாராம். தர்ஷினி கீழே வரவில்லை. ஜன்னல்கூடத் திறக்கவில்லை என்று நூருல் எனக்குச் செய்தி அனுப்பினாள்.

அன்று முழுக்க எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. துணியை இரண்டு தடவை மடித்தேன்.

சிராங்கூன் சாலையில் ஒரு போன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக் கூட்டத்தைப் பற்றி எழுதவே வேண்டாம், தோளோடு தோள் இடிக்காமல் ஓர் அடி வைக்க முடியாது. நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ராஜேஸ்வரி.

"என்ன டீச்சர் இது அநியாயம்? எங்கண்ணன் போய் ஒரு வாரம் ஆகல. உங்க பிள்ளைங்க எங்க புளோக்குக்குக் கீழ உக்காந்து சீட்டு விளையாடுதுங்க! கச்சான் கொறிக்குதுங்க! சிரிப்புச் சத்தம் மேல வரைக்கும் கேக்குது. சாவு வீடுன்னு ஒரு மரியாதை வேணாமா? நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நான் போலீஸுக்குப் போன் பண்ணட்டுமா?"

"வரேன்மா. இப்பவே வரேன்."

காய்கறிப் பையோடு எம்ஆர்டி ஏறினேன். ஜூரோங் வரைக்கும் உட்காரவில்லை, இடம் இருந்தும். சீட்டா? கச்சானா? அடப் பிள்ளைகளா. வழியில்தான் எனக்கு உறைத்தது. சீனர் வீட்டுத் துக்கத்தில் அதைத்தான் செய்வார்கள். உடலைத் தனியே விடக்கூடாது, விடிய விடிய யாராவது துணை இருக்க வேண்டும், தூக்கம் வராமலிருக்கச் சீட்டு, வேர்க்கடலை. ஹுய் மின் தன் தாத்தாவுக்குச் செய்த மரியாதையை அப்படியே இங்கேயும் செய்கிறாள். அது மேலே இருக்கிற அத்தைக்கு அவமரியாதையாகத் தெரிகிறது.

யார் பக்கம் நிற்பது? பிள்ளைகளை விரட்டிவிட்டால் "பார்த்தியா, போய்ட்டாங்க" என்று தர்ஷினி கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொள்வாள். விரட்டாவிட்டால் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் மனம் நோகும். ரயில் கதவுகள் திறந்து திறந்து மூடின. எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.

முருங்கைக்காயும் நானும்

கல்மேசையைக் கடக்கும்போது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். "உட்காருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனேன்.

இந்தத் தடவை அத்தை கம்பிக் கதவைத் திறந்தார். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயை ஒரு பார்வை பார்த்தார்.

நின்றபடியே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சீட்டும் கச்சானும் சீனர் வீட்டுத் துக்க வழக்கம் என்று. வெள்ளிக்கிழமையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. நாலைந்து நாள் துக்கம் நடக்கும் என்று நம்பிவிட்டார்கள் என்று.

"அது அவங்க வீட்டு வழக்கம் டீச்சர். நம்ம வீட்டுல எதுக்கு?"

"தெரியலம்மா," என்றேன். "போகச் சொன்னா போயிடுவாங்க. நீங்க சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

ராஜேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணனுக்குச் சீட்டுன்னா உயிரு," என்றார். "எங்கம்மா விளக்குமாத்தால அடிச்சும் விடல." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

அறைக் கதவு திறந்தது. தர்ஷினி. தலை வாரவில்லை. அப்பாவின் சட்டையைப் போட்டிருந்தாள் என்று நினைக்கிறேன், அதன் தோள்தையல் முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது.

"யாரு யாரு இருக்காங்க?"

"ஹுய் மின், நூருல், பிரவீன், ஜேசன்..."

"ஜேசனா? அவனுக்கும் எனக்கும் போன வருஷத்திலேர்ந்து பேச்சே கிடையாது."

"மூணு நாளா வரான்."

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தர்ஷினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். லிஃப்டில் அவள் பக்கத்தில் அசையாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே கிடையாது.

என்ன ஆச்சு?

அவளைப் பார்த்ததும் எல்லாம் நின்றுபோனது. ஜேசன் கையிலிருந்த சீட்டுகளைச் சட்டைக்குள் சொருகினான். நூருல் அழத் தயாரானாள்.

ஹுய் மின் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்ததும், கச்சான் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

கேட்காதே என்று நான் சொன்னதற்குத் தலையாட்டிய பெண்!

தர்ஷினி ஒரு கச்சானை உரித்தாள். தின்னவில்லை.

"காலையில எழுந்து பல் வெளக்கிட்டு இருந்தாரு. தண்ணி ஓடற சத்தம் நிக்கவே இல்ல. தண்ணியை வீணாக்காதீங்கப்பான்னு நான் ரூம்லேர்ந்தே கத்துனேன். அப்புறம் போய்ப் பார்த்தா கீழ கிடக்குறாரு. வாயெல்லாம் நுரை. பேஸ்ட்டா, வேற எதாவதான்னு எனக்குத் தெரியல. இன்னும் தெரியல."

"நீ என்ன செஞ்ச?"

"ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டேன். அவங்க போன்லயே சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்துனேன். வர்ற வரைக்கும் அழுத்துனேன். கை வலிச்சுது. எலும்பு உடைஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன், ஒரு சத்தம் கேட்டுச்சு."

"நம்ம ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த மாதிரியா?" என்றான் ஜேசன்.

"ஆமா. அதே மாதிரிதான்."

"அப்ப நீ சரியாத்தான் செஞ்சிருக்க. எலும்பு உடையும்னு அன்னைக்கே சொன்னாங்க."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. வீடு நிறைய வந்துபோன உறவுக்காரர்கள், அவர்களோடு நானும், எத்தனை பேர் அவளுக்கு ஆறுதல் சொல்லத் துடித்தோம். அந்த ஆறு நாளாக அவள் உள்ளே எதை வைத்துக்கொண்டிருந்தாள் என்று எங்களில் யாருமே கேட்கவில்லை.

"நீ அழுதியா?" என்றாள் நூருல்.

"எங்கத்தை அழுத அழுகையில எனக்கு எங்க சான்ஸ்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். தர்ஷினியும் லேசாகச் சிரித்தாள். பிறகு கச்சான் தோலைக் கட்டத்துக்கு ஒன்றாக அந்தச் சதுரங்கப் பலகையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு வரேன். ஆனா ஸ்கூல்ல யாரும் என்கிட்ட மெதுவாப் பேசக்கூடாது. வீட்டுல எல்லாரும் மெதுவாவே பேசறாங்க. எங்கம்மா பேசறதே இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

இதை அவளே மிக மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்ன?" என்றான் ஜேசன், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து. "கேக்கல. சத்தமாச் சொல்லு லா."

அவள் எழுந்து நின்றாள். "மெதுவாப் பேசாதீங்க!" என்று கத்தினாள். ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. பிறகு வார்த்தை எதுவும் இல்லாமல் வெறுமனே கத்தினாள். தூண்களில் எல்லாம் மோதி அது திரும்பி வந்தது. எதிர் புளோக்கில் ஜன்னல்கள் திறந்தன. நான் ஓடிப்போய் அவளைப் பிடிக்கப் பார்த்தேன், ஹுய் மின் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

மேலே பார்த்தேன். நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில், அறையை விட்டே வராத தர்ஷினியின் அம்மா நின்றிருந்தார்.

"தர்ஷினி!" என்று அங்கிருந்தே கூப்பிட்டார் அவர், புளோக் முழுவதும் கேட்கும்படி. "அந்தப் பிள்ளைங்க சாப்பிட்டாச்சான்னு கேளு!"